கணவன் வேறு, தந்தை வேறா?

1836-ஆம் ஆண்டு ஜூன் 22. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு விசித்திரமான வழக்கு விசாரணைக்கு வந்தது. தன் மனைவியோடு தகாத உறவு கொண்டதாகக் குற்றஞ்சாட்டி, இங்கிலாந்தின் பிரதமர் மெல்போர்ன் பிரபுவிடம் 10,000 பவுண்டு இழப்பீடு கோரியிருந்தார் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞர். ஜூரிகள் இருக்கையை விட்டு எழாமலேயே பிரதமர் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதைச் செய்தியாக்க வந்திருந்த பத்திரிகையாளர்களில் ஒருவர், 24 வயது சார்லஸ் டிக்கன்ஸ்.

வழக்கின் நடுவே இருந்த பெண்ணுக்கு அங்கே வாயே இல்லை. மணமான பெண்ணுக்குக் கணவனிடமிருந்து பிரிந்த தனி இருப்பு கிடையாது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். எனவே கரோலின் நார்ட்டன் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல, சாட்சியுமல்ல. அவர் மேல் விழுந்த பழியை ஜூரிகள் ஏற்கவில்லை. ஆனால், பறிபோன மூன்று ஆண் பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி கரோலின். தாமும் கவிதையும் கதையும் எழுதியவர். 1827-இல் மணமானது. அடியும் உதையும் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. 1835-இல் வீட்டை விட்டு வெளியேறியவர், சமாதானம் பேசப்பட்டுத் திரும்பினார். அந்தத் திரும்புதலே பின்னர் அவருக்குத் தளையாயிற்று. திரும்பி வந்த மனைவி, கணவனின் கொடுமையை மன்னித்துவிட்டதாகச் சட்டம் கருதியது. பழைய காயங்களைக் காட்டிப் பிரிவு கேட்க வழியில்லை. 1836-இல் பிள்ளைகளை அவரிடமிருந்து பிரித்த நார்ட்டன், பிறகு அவர்களை ஸ்காட்லாந்திலுள்ள உறவினரிடம் அனுப்பிவைத்தார்.

அதற்குச் சட்டம் முழுமையாக இடம் கொடுத்தது. பிள்ளை தந்தையுடையது. 1804-இல் நீதிமன்றத்துக்கு வந்த டி மேன்வில் வழக்கில், கணவனின் கொடுமை தாளாமல் பிரிந்திருந்த தாயிடமிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையைத் தந்தை பறித்துச் சென்றிருந்தார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதும் தலைமை நீதிபதி எல்லன்பரோ, சட்டப்படி உரியவர் தந்தையே என்று கூறிவிட்டார்.

கரோலினிடம் எஞ்சியிருந்தது எழுதுகோல் மட்டும். பிள்ளைகள் மீது தாய்க்குள்ள இயற்கை உரிமை பற்றி 1837-இல் ஒரு சிறு நூலை அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டார். அதே கோரிக்கையை நாடாளுமன்றத்தில் மசோதாவாகக் கொண்டுவந்தார் தாமஸ் டால்ஃபோர்ட். இவர் வழக்கறிஞர், நாடகாசிரியர். டிக்கன்ஸ் தமது ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான். 1838-இல் பிரபுக்கள் சபை மசோதாவை நிராகரித்தது. மறு ஆண்டு கரோலின் மீண்டும் எழுதினார், ‘பியர்ஸ் ஸ்டீவன்சன்’ என்ற ஆண் பெயரில். பெண்ணின் முறையீட்டைவிட ஆணின் வாதத்துக்குச் செவி கிடைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

1839-இல் சட்டம் நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்கவும், அதற்கு மூத்த பிள்ளைகளைப் பார்த்துவரவும் தாய் சான்சரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். தந்தையின் முற்றுரிமையில் விழுந்த முதல் விரிசல் அது. ஆனால் அச்சட்டம் ஸ்காட்லாந்தில் செல்லாது. கரோலினின் பிள்ளைகள் இருந்ததோ அங்கே. 1842-இல் கடைசி மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து, அக்காயத்தால் நோயுற்று இறந்தான். தாய் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்திருந்தது. அதன் பின்னரே மற்ற இரு மகன்களும் தாயுடன் தங்கியிருக்க நார்ட்டன் இசைந்தார்.

1839-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கற்பு தவறியவர் என்று தீர்ப்பாகியிருந்தால் தாய்க்கு அதில் இடமில்லை. கை ஓங்கிய தந்தையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. மனைவியை அடிப்பது கணவன். பிள்ளையை வளர்ப்பது தந்தை. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதைப் போன்ற ஒரு பிரிவினை சட்டத்தின் மனத்தில் இருந்தது. பின்வந்த வரலாற்றை அந்தப் பிரிவினை கரைந்த வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

முதல் கரைவு 1878-இல். மனைவியர் படும் சித்திரவதை பற்றி ஃபிரான்சஸ் பவர் காப் எழுதிய கட்டுரை அவ்வாண்டு வெளியாயிற்று. கடுமையாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், மனைவிக்குப் பிரிந்து வாழும் ஆணையும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொறுப்பும் வழங்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் வந்தது. 1925-இல் பிள்ளையின் நலனே தலையாயது என்று சட்டம் சொன்னது.

ஆனால் நலன் என்ற சொல்லுக்குள்ளும் பழைய பிரிவினை ஒளிந்துகொள்ள முடிந்தது. தந்தையைச் சந்திப்பது எப்போதும் பிள்ளைக்கு நல்லது என்ற எண்ணம் நீதிமன்றங்களில் வேரூன்றியது. 2000-இல் நான்கு வழக்குகளை ஒருசேர விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டு வன்முறை பிள்ளைகளுக்குச் செய்யும் கேட்டை நீதிபதிகள் இன்னும் கூர்மையாக உணர வேண்டும் என்றது. பிறர் வதைபடுவதைக் காண்பதும் கேட்பதும்கூடப் பிள்ளைக்குத் தீங்காகலாம் என்னும் திருத்தம் 2002-இல் நிறைவேறி, 2005-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் 2014-இல் சட்டம் சற்றே எதிர்த்திசையில் நகர்ந்தது. மாறான சான்று இல்லாதவரை, பெற்றோர் இருவரின் பங்கேற்பும் பிள்ளைக்கு நன்மையே என்ற அனுமானம் அதில் எழுதப்பட்டது. குடும்ப நீதிமன்றங்களில் சந்திப்பையே முதன்மையாக்கும் போக்கு, வன்முறைக்கு ஆளானோரின் குரலை அமுக்குவதாக நீதி அமைச்சகம் அமைத்த குழு 2020-இல் அறிக்கை தந்தது. அந்த அனுமானத்தை நீக்கப்போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது.

பொய்ப்புகாரால் பிள்ளையை இழக்கும் தந்தையும் இருக்கக்கூடும். மூடிய கதவுக்குப் பின் நடந்ததை நிறுவுவது எளிதல்ல. நீதிபதியின் சங்கடம் மெய்யானது. ஆயினும் அது விசாரித்து அறிய வேண்டியதற்கான காரணமேயன்றி, விசாரிக்காமல் கடந்துபோவதற்கான காரணமல்ல.

இங்கிலாந்தின் 2021-ஆம் ஆண்டு வீட்டு வன்முறைச் சட்டம், பெற்றோரிடையே நிகழும் வன்முறையைக் காணும், கேட்கும், அதன் விளைவை அனுபவிக்கும் பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்கிறது. கரோலினின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 182 ஆண்டுகள். தாய் அடிபட்ட அந்த வீட்டில் மூன்று சிறுவர்கள் இருந்தார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று அன்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.