பண்ணையார் ஆரம்பித்த குடியரசு!

லிதுவேனியாவின் தலைநகரம் வில்னியஸ். அங்கிருந்து தெற்குப் பக்கமாகப் போனால், மெர்கிஸ் ஆற்றுப் பகுதியில் கூரையில்லாத சில சுவர்கள் நிற்கின்றன. 'ஏதோ பாழடைந்த பங்களா' என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒரு குட்டிக் குடியரசின் தலைமையகம் அது!

லிதுவேனிய மொழியில் 'துவாரஸ்' என்றால் பண்ணை மாளிகை. அதே சொல்லுக்கு 'அரசவை' என்றும் அர்த்தம் உண்டு. பொருத்தம்தான்! நடுவில் பிரபுவின் மாளிகை, முன்னால் அகலமான முற்றம், இரண்டு பக்கமும் துணைக் கட்டடங்கள், தள்ளி குதிரை லாயம், தானியக் களஞ்சியம், பூங்கா... யார் எஜமான் என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடும். சுற்றியிருந்த கிராமங்களில் வாழ்ந்தவர்கள் பண்ணையடிமைகள். வாரத்தில் பல நாட்கள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கணும். இஷ்டப்பட்டு ஊரைவிட்டுப் போக முடியாது. பண்ணையை விற்றால் அவர்களும் சேர்ந்தே கைமாறுவார்கள்.

மெர்கினே என்ற அப்படியொரு பண்ணையை 1767-ல் வாங்கினார், பாவெல் க்சாவேரி ப்ஷோஸ்தோவ்ஸ்கி (பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்!). கத்தோலிக்கப் பாதிரியார். பண்ணைக்குத் தன் பெயரையே வைத்தார் - பாவ்லவா! இதுவரை வழக்கமான பண்ணையார் கதைதான். ஆனால், 1769-ல் மனிதர் ஒரு காரியம் செய்தார். 'இனி இங்கே யாரும் அடிமை இல்லை. நிலத்துக்குக் குத்தகை கொடுத்தால் போதும்' என்று அறிவித்துவிட்டார்.

அதோடு விடவில்லை. சுமார் 800 பேர் வாழ்ந்த அந்த இடத்துக்கு எழுதப்பட்ட சட்டம், குடியானவர்கள் உட்கார்ந்து பேச ஒரு சபை, பள்ளிக்கூடம், ஊர்க்காவல் படை, தனிச் சின்னம்... ஜனாதிபதி? வேறு யார், பாதிரியாரேதான்!

அன்று போலந்தும் லிதுவேனியாவும் ஒரே கூட்டரசு. அதன் நாடாளுமன்றம் 1791-ல் பாவ்லவாவின் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே நாடாளுமன்றம் அதே ஆண்டு மே 3-ம் தேதி நிறைவேற்றிய புகழ்பெற்ற அரசியல் சட்டம், நாட்டின் மற்ற பண்ணைகளில் அடிமை முறையை ஒழிக்கவில்லை!

1794-ல் ரஷ்யாவுக்கு எதிராகக் கொஸ்யூஷ்கோவின் கிளர்ச்சி வெடித்தது. பாவ்லவாவின் விவசாயிகளும் ஆயுதம் ஏந்தினார்கள். காப்பாற்ற அவர்களிடம் ஏதோ இருந்ததே! கிளர்ச்சி தோற்றது. 1795-ல் கூட்டரசே வரைபடத்திலிருந்து காணாமல் போனது. பாதிரியார் பண்ணையை இன்னொரு பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டு வெளிநாடு போனார். குடியரசு அத்தோடு முடிந்தது. மக்கள்? அவர்கள் எங்கே போவது, அங்கேயேதான் இருந்தார்கள். சட்டம், சபை எல்லாமே எஜமானரின் நல்ல மனசை நம்பி நின்றவை. அவர் போனதும் கேட்க ஆளில்லை.

ப்ஷோஸ்தோவ்ஸ்கி பிற்பாடு லிதுவேனியாவுக்கே திரும்பி, பங்குத் தந்தையாக வாழ்ந்து, 1827-ல் இறந்தார். ரஷ்யப் பேரரசு பண்ணையடிமை முறையை ரத்து செய்தது 1861-ல். பாவ்லவா அதைச் செய்து, அப்போது 92 வருஷம் ஆகியிருந்தது.