மனநல மருந்துகள் தொற்றுநோய்களுக்குப் பயன்படுமா? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஒரு நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து வேறொரு நோய்க்கும் பயன்படுமா என ஆராய்வது, மருந்தின் மாற்றுப் பயன்பாட்டு ஆய்வு எனப்படும். புதிய மருந்தொன்றை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெருஞ்செலவும் ஆகும். புழக்கத்தில் உள்ள மருந்தின் பக்கவிளைவுகள் முன்பே அறியப்பட்டிருப்பதால், ஆய்வின் தொடக்கக் கட்டங்கள் எளிதாகின்றன. மனச்சிதைவு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் இவ்வாறு காசநோய், கோவிட்-19 ஆகியவற்றுக்காக ஆராயப்பட்டுள்ளன. எனினும், இவ்விரு நோய்களுக்கும் வழக்கமான சிகிச்சையாக எந்த மனநல மருந்தும் ஏற்கப்படவில்லை.

இந்த எண்ணம் எவ்வாறு தோன்றியது?

மனநல மருந்துகளுக்கும் தொற்றுநோய் மருந்துகளுக்கும் இடையே பழைய உறவு உண்டு. மெத்திலீன் நீலம் என்னும் சாயம் மலேரியாவுக்கு எதிராகச் செயல்படுவதை ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிக் 1891இல் தெரிவித்தார். அச்சாயத்துடன் வேதியியல் உறவுடைய பீனோதயசின் வகையிலிருந்தே குளோர்புரோமசின் 1950இல் பிரான்சில் உருவாக்கப்பட்டது. 1952இல் மனநலச் சிகிச்சையில் இடம்பெற்றது.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோயாளிகளுக்கு வழங்கப்பட்ட இப்ரோனியசிட் அவர்களின் மனநிலையை உயர்த்தியது. அதன் விளைவாக அது மனச்சோர்வு மருந்தாயிற்று. பின்னர், கல்லீரல் பாதிப்பின் காரணமாகக் கைவிடப்பட்டது.

காசநோயும் தயோரிடசினும்

மனச்சிதைவுக்குப் பயன்பட்ட தயோரிடசின், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க் கிருமிகளின் வளர்ச்சியையும் ஆய்வகத்தில் தடுத்தது. சில கிருமிகள் தம்முள் நுழையும் மருந்தை வெளியேற்றும் திறன் பெற்றவை. அத்திறனைத் தயோரிடசின் குறைக்கிறது. இதனால் பிற மருந்துகள் மீண்டும் பயன் தரக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர்.

அர்ஜென்டினாவில், வேறு வழி குறைந்த கடுமையான மருந்து எதிர்ப்புக் காசநோயாளிகள் சிலருக்குப் பிற மருந்துகளுடன் இது சேர்த்து வழங்கப்பட்டது. பல மருந்துகள் ஒருங்கே வழங்கப்பட்டதால், கிடைத்த பயனில் இதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலவில்லை. மேலும், இம்மருந்து இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடியது. அக்காரணத்தால் இதன் முதன்மைத் தயாரிப்பு நிறுவனம் 2005இல் இதனை உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

கோவிட்-19உம் ஃபுளூவாக்ஸமினும்

ஃபுளூவாக்ஸமின் மனச்சோர்வுக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் வழங்கப்படும் மருந்து. இது உடலின் மிகையான அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதே இதனை ஆராய்ந்ததன் அடிப்படை. 2020இல் அமெரிக்காவில் 152 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், இம்மருந்து பெற்ற 80 பேரில் எவருக்கும் நோய் முற்றவில்லை; மருந்தற்ற மாத்திரை பெற்ற 72 பேரில் 6 பேருக்கு முற்றியது. பிரேசிலில் 1,497 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், நீண்டநேர அவசரச் சிகிச்சையோ உயர்சிகிச்சை மருத்துவமனையோ தேவைப்பட்டோர் மருந்து பெற்றவர்களில் 11 விழுக்காடாகவும், பெறாதவர்களில் 16 விழுக்காடாகவும் இருந்தனர்.

ஆனால் அமெரிக்காவில் பின்னர் நடந்த ஆய்வுகளில், குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் இம்மருந்து குணமடையும் காலத்தைக் குறைக்கவில்லை. அவசரகாலப் பயன்பாட்டுக்கான அனுமதியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 மே மாதத்தில் மறுத்தது. ஆய்வுகளுக்கு வெளியே இதனைப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டில் அறிவுறுத்தியது.

தயக்கத்துக்கான காரணங்கள்

• அளவு: ஆய்வகத்தில் கிருமியைத் தடுக்கும் மருந்துச் செறிவு, மனித இரத்தத்தில் பாதுகாப்பாக எட்டக்கூடிய செறிவைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருக்கலாம். பீனோதயசின் மருந்துகள் உயிரணுக்களுக்குள் செறிந்து சேர்வதால் குறைந்த அளவும் போதலாம் என்னும் கருத்து உண்டு. அது நோயாளிகளிடம் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.
• பக்கவிளைவுகள்: உறக்கம், எடை, இதயத் துடிப்பு ஆகியவற்றில் மாற்றங்கள் ஏற்படலாம்.
• நிதி: காப்புரிமை முடிந்த மருந்தால் பெரும் இலாபம் இல்லை. எனவே பெரிய ஆய்வுகளுக்குச் செலவிட நிறுவனங்கள் முன்வருவது அரிது.
• மனத்தடை: “எனக்கு மனநோய் இல்லையே, இந்த மாத்திரை எதற்கு?” என நோயாளிகள் தயங்கலாம்.

முதல் இரண்டும் மருந்தைப் பற்றிய அறிவியல் கேள்விகள்; அவற்றுக்கு ஆய்வுகளே விடை தர வேண்டும். பின்னிரண்டும் மருந்தின் தன்மையைச் சார்ந்தவை அல்ல. மனநல மருந்து என்பதற்காக ஒன்றை ஒதுக்குவதும் தவறு. பழகிய மருந்து என்பதற்காகச் சோதிக்காமல் ஏற்பதும் தவறு.

மனநல மருந்து உட்கொள்பவர்கள் கவனத்துக்கு

தொற்றுநோய் மருந்துகள் சில, மனநல மருந்துகளுடன் சேரும்போது தீங்கு விளைவிக்கலாம்.

• மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான லினசோலிட், சில மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம், மிகுந்த வியர்வை, விரைவான இதயத் துடிப்பு தோன்றலாம். இவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
• ரிஃபாம்பிசின், ஹாலோபெரிடால் உள்ளிட்ட பல மனநல மருந்துகளின் செறிவைக் குறைக்கும். ஐசோனியசிட், கார்பமசெபைனின் செறிவைக் கூட்டும்.
• பெடாகுவிலினும் சில மனநல மருந்துகளும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை. இவை சேரும்போது இ.சி.ஜி. பரிசோதனை தேவைப்படும்.
• சைக்ளோசெரின் மனச்சோர்வையோ மனக்குழப்பத்தையோ உண்டாக்கலாம். பேச்சிலும் நடத்தையிலும் மாற்றம் தெரிந்தால் பராமரிப்பாளர்கள் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவற்றைக் கண்டு அஞ்சி எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. மனநல மருந்தைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தோன்றலாம்; காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெறலாம். மருத்துவர் அளவை மாற்றியோ மாற்று மருந்து வழங்கியோ பாதுகாப்பை உறுதிசெய்வார்.

செய்ய வேண்டியவை

• உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி, ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுக. மனநலச் சிகிச்சை பெறுவதை மறைக்க வேண்டாம்; அது மருத்துவரால் இரகசியமாகக் காக்கப்படும்.
• செய்தியையோ பிறர் பரிந்துரையையோ நம்பி மனநல மருந்துகளைக் கடையில் வாங்கி உட்கொள்ள வேண்டாம். ஃபுளூவாக்ஸமின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், தசை இறுக்கத்துக்கான டிசானிடின் ஆகியவற்றின் செறிவை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும்.
• மருத்துவ ஆய்வில் பங்கேற்க அழைக்கப்பட்டால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா, வழக்கமான சிகிச்சை தொடருமா, பாதிப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது எனக் கேட்டறிக. மறுப்பதும் இடையில் விலகுவதும் உங்கள் உரிமை. அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

காசநோய் தொடர்பான ஐயங்களுக்கு 1800-11-6666 என்ற எண்ணையும், மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.