ஓம்மாவின் தலைமுடி

கொரியாவுலயும் அம்மாவை "ஓம்மா"ன்னுதான் கூப்பிடுறாங்க, அப்பா அங்கேயும் அப்பாதான்னு எழுதாத தமிழ் வலைப்பதிவர் யாரும் பாக்கி இல்லை. அந்த ஆராய்ச்சியை மொழி அறிஞர்களுக்கே விட்டுடலாம். நான் சொல்ல வந்தது அம்மாவோட தலைமுடி பத்தி.

1996-ல ஹூண்டாய் இங்க கம்பெனி ஆரம்பிச்சு, 1998-ல இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பூந்தமல்லி பக்கம் கொரியக் குடும்பங்கள் புதுசு இல்லை. கொரியன் சீரியல் பாக்கறவங்களுக்கு "அஜும்மா"ன்னா சட்டுனு ஞாபகம் வர்றது குட்டையா வெட்டி, சுருள் சுருளா பெர்ம் பண்ணின தலை. ஆனா அந்தச் சுருளுக்கு முந்தைய கதை நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

1392-ல ஆரம்பிச்ச ஜோசன் (ஜோசியர் இல்லீங்க!) அரசாட்சிக் காலத்துல, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு நீளப் பின்னல், நுனியில ரிப்பன். நம்ம குஞ்சலம் மாதிரி. கல்யாணம் ஆயிட்டா பின்கழுத்துல கொண்டை, குறுக்க "பின்யோ"ங்கற நீள ஊசி. வசதியான வீட்டுப் பொம்பளைங்க சவுரி வச்சு வச்சுத் தலையைப் பெருசாக்க, செலவு எல்லை மீறிப் போச்சு. 1756-ல ராஜா யோங்ஜோ சவுரிக்குத் தடை போட்டார். 1788-ல அவரோட பேரன் ஜோங்ஜோ மறுபடியும் தடை போட்டார். முதல் தடையை எத்தனை பேர் மதிச்சாங்கன்னு இதுலேர்ந்தே தெரியுது!

1950-53 போர்ல நாடு நொறுங்கிப் போச்சு. அறுபதுகள்ல முடி வாங்குறவங்க ஊர் ஊரா வந்தாங்க. 1965-ல சீன முடியில செஞ்ச விக்கை அமெரிக்கா தடை பண்ண, கொரியாவுக்கு யோகம் அடிச்சது. 1970-ல அந்த நாட்டு ஏற்றுமதியில கிட்டத்தட்ட 9 சதவீதம் விக்தான். பல வீட்டுல அம்மாவோட கொண்டைதான் பிள்ளைங்களுக்கு அரிசியா, பள்ளிக்கூடச் சம்பளமா மாறிச்சு.

விக் தச்சது அடுத்த தலைமுறைப் பொண்ணுங்க. 1979 ஆகஸ்டுல ஒய்.எச். விக் கம்பெனியை மூடினதை எதிர்த்து, பெண் தொழிலாளர்கள் சியோல்ல எதிர்க்கட்சி ஆபீஸ்ல உக்காந்து போராடினாங்க. போலீஸ் உள்ள புகுந்தது. கிம் க்யோங் சுக்ங்கற இளம்பெண் செத்துப்போனாங்க. அந்தக் கொந்தளிப்பு அடங்கறதுக்குள்ள, அக்டோபர்ல அதிபர் பார்க் சுங் ஹீயை அவரோட உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்னார்.

பெர்ம் சுருளை இதுக்கப்புறம் பாத்தா வேற மாதிரி தெரியும். ஒரு தடவை போட்டா மாசக்கணக்குல நிக்கும். வாரிக்கிட்டு, முடிஞ்சுக்கிட்டு இருக்க வேண்டாம். முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு வேலை பாத்த அம்மாவுக்கு அதைவிடத் தோதா என்ன இருக்கு?

கொரியாவோட பழங்கதைதானேன்னு தள்ளிட முடியாது. 2020 ஜனவரியில நம்ம சேலத்துல, புருஷனை இழந்த ஒரு அம்மா தலைமுடியை 150 ரூபாய்க்கு வித்துப் பிள்ளைங்களுக்குச் சோறு வாங்கினாங்கன்னு பேப்பர்ல வந்தது. கொரியாவுல அம்பது அறுபது வருஷம் முன்னாடி நடந்தது இங்க நேத்து நடந்திருக்கு.

நம்ம பக்கம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா, திருவேற்காட்டு கருமாரியம்மனுக்குப் பூமுடி கொடுக்கறேன்னு வேண்டிக்கற அம்மாக்கள் உண்டு. விக்கறதும் வேண்டிக்கறதும் ஒண்ணு இல்லை. ஆனா ரெண்டுலயும் கத்திரி விழறது அம்மா தலையிலதான், பிள்ளைக்காகத்தான்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் பாட்டிங்க இன்னும் கொண்டைதான். பேத்திங்க கைக்குழந்தை இழுக்குதுன்னு தோள் வரைக்கும் வெட்டிக்கறாங்க. "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஸ்டைல்"னு சொல்றதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட எப்ப முடியைக் குறைச்சீங்க, ஏன்னு ஒரு தடவை கேளுங்க. "அப்ப உனக்கு ரெண்டு வயசு"ன்னு கதை ஆரம்பிச்சாலும் ஆரம்பிக்கும்.