கடனீர்த் தொட்டி வளர்ந்த வரலாறு

கடலை வேலியாகக் கொண்ட நாட்டில் வாழும் நமக்கு, கடலுயிர்களை வீட்டினுள்ளே கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணுதல் வேண்டாத வேலையாகத் தோன்றலாம். ஆயின், கடலினின்றும் சேய்மையில் வாழ்ந்த மேனாட்டார் அதனைச் செய்ய முயன்ற வரலாறு சுவை மிக்கது. நன்னீர் மீனைக் கலத்தில் வளர்த்தல் சீனருக்குப் பல நூற்றாண்டுகளாகக் கைவந்த கலை. கடலுயிரோ அங்ஙனம் எளிதில் வயப்படவில்லை. குடத்தில் முகந்த கடனீரில் இட்ட உயிர் சின்னாளில் மடிந்தது, நீரும் நாறியது. அந்நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் ஆற்றல் யாது? இவ்வினாவுக்குச் செவ்விய விடை காண நூறாண்டுக்கு மேற் சென்றது.

1832ஆம் ஆண்டளவில், சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ஷான் வில்ப்ரே பவர் என்னும் பிரெஞ்சு மாது, கண்ணாடித் தொட்டிகளை அமைத்துக் கடலுயிர்களை ஆராய்ந்தார். ஆர்கோனோட்டு என்னும் கணவாய் இனம் தன் ஓட்டைத் தானே ஆக்குகின்றதா, பிறிதோர் உயிரின் ஓட்டிற் புகுந்து வாழ்கின்றதா என்பது அக்காலத்து அறிஞரிடை நிலவிய பூசல். அஃது ஓட்டைத் தானே ஆக்குகின்றது என்பதை அவர் தம் தொட்டிகளின் துணைகொண்டு நிறுவினார். எனினும், மெசினா கடற்கரை நகர். புதுநீருக்கு அங்கே குறைவில்லை.

கடலில்லாத இடத்திற் கடலை வைத்திருந்தவர் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெருமாட்டியார். 1846ஆம் ஆண்டில் டோர்க்கிக் கடற்கரையில் முருகை இனத்தைச் சேர்ந்த சில உயிர்களைக் கண்டு வியந்த அவர், அவற்றை இலண்டனுக்குக் கொண்டு செல்ல விழைந்தார். வழியிற் புரண்டு சிதையாதிருக்கும்பொருட்டு அவற்றை ஊசியும் நூலுங்கொண்டு கடற்பஞ்சில் தைத்துவிட்டார். தொடக்கத்தில் நீரை அடிக்கடி மாற்றினார். பின்னர்ப் புதுநீர் வருவித்தல் அரிதாகவே, இருந்த நீரையே திறந்த சாளரத்தின் முன்னே ஒரு கலத்தினின்றும் மற்றொரு கலத்துக்கு மாறிமாறி ஊற்றும்படி செய்தார். நாடோறும் அரைமணிக்குக் குறையாது ஊற்றியவள் வீட்டுப் பணிப்பெண். வரலாறு அவள் பெயரைப் பேணவில்லை. அவள் கையே அத்தொட்டிக்கு நுரையீரலாயிருந்தது. 1847ஆம் ஆண்டில் அம்மாட்டியார், உயிருள்ள கடற்பாசி ஒட்டிய கற்களையும் சிப்பிகளையும் டோர்க்கியிலிருந்து தருவித்துத் தொட்டியில் இட்டார். உயிர்கள் நிலைத்தன. அவர் வேண்டியது பாசி. பாசியோடு வந்தது கல். அக்கல்லின் பெருமை அன்று எவருக்கும் தெரியவில்லை.

இம்முயற்சிக்கு அறிவியல் வடிவு தந்தவர் றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். பொன்மீன் இரண்டும், வலிசினேரியாச் செடியும், அழுகும் இலையை உண்ணும் நத்தைகளும் ஒரு தொட்டியில் நீர் மாற்றாமலே வாழ்தலை அவர் 1850ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயனக் கழகத்துக்கு எடுத்துக் கூறினார். விலங்கு விடும் காபனீரொட்சைட்டைச் செடி கொள்ளும். செடி விடும் ஒட்சிசனை விலங்கு கொள்ளும். இச்சமநிலைக் கொள்கை கேட்டார் யாவரையும் கவர்ந்தது. ஆனால் அது பாதி உண்மையே. விலங்கின் கழிவினின்றும் எழும் அமோனியா நஞ்சாகும். அதனை மாற்றுவது எது என்பதற்கு அக்கொள்கை நிறைவான விடை தரவில்லை.

விடையின் ஒரு பகுதி அவர் இல்லத்திலேயே பிறந்திருந்தது என்பது வியப்பிற்குரியது. அவர் பெயரையே பூண்ட மைந்தர் இளைய வாரிங்டன், றொதாம்ஸ்ரெட் வேளாண்மை நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது என்பதையும், அவ்விரு மாற்றங்களையும் செய்வன வெவ்வேறு நுண்ணுயிர்கள் என்பதையும் அவர் கண்டார். 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் அந்நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுத்தார். தந்தையின் தொட்டிக்கும் மைந்தரின் மண்ணுக்கும் உள்ள உறவு நன்கு விளங்கப் பின்னும் பல்லாண்டு சென்றது.

இதற்கிடையே தொட்டி பித்தாக மாறிவிட்டது. 1845ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு கண்ணாடி வரியை நீக்கியது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குத் தோட்டத்தில் மீனகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய தொட்டி நூல் வெளிவந்தது. உள்நாட்டார்க்கெனச் செயற்கைக் கடனீர் செய்யும் முறையையும் அவர் வகுத்தார். அதில் நான்கு உப்புக்கள் உண்டு, சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பாலே தன் உடலைக் கட்டும் முருகைக்கு அந்நீர் ஆகுமா என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம். நூலைக் கற்ற மக்கள் வாளியும் உளியும் ஏந்திக் கரைக்கு விரைந்தனர். கொஸின் மைந்தர் எட்மண்ட் 1907ஆம் ஆண்டில் எழுதிய நூலில், தம் இளமையில் அழகு பொலிந்த பாறைக்குட்டைகள் பிற்காலத்தில் வெறுமையாகிவிட்டன என்று இரங்குகின்றார். அழித்தவர்கள் கடலை வெறுத்தவரல்லர். தம் தந்தையின் நூலைப் படித்து அதனை விரும்பியவரே.

வெப்பக் கடலின் முருகைக்கல்லை வீட்டில் வாழவைக்கும் வழியை 1961ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தவர், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். அவர் முறை மிக எளியது: கடனீர், ஒளி, சிறிது காற்றுக்குமிழ், உயிர் செறிந்த கடற்கற்கள். கல்லின் மேற்புறத்தும் நுண்டுளைகளிலும் வாழும் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக்குகின்றன. ஒட்சிசன் எட்டாத உட்டுளைகளில் வாழ்வன அந்நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி விடுகின்றன. அன்னா தின் பாசிக்காகத் தருவித்த கல் செய்த தொண்டும் இத்தகையதாதல் கூடும். 1970களிலும் 1980களிலும் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இக்கற்களோடு வன்மையான விளக்கொளியையும் நுரைபிரிக்கும் கருவியையும் சேர்த்தனர். முருகையின் உடலினுள் ஒளியால் உணவு ஆக்கும் நுண்பாசி வாழ்தலின், ஒளி அதற்கு இன்றியமையாதது.

இன்று தொட்டி அமைப்போர், ஆயிரம் பங்கில் முப்பத்தைந்து பங்கு உப்புள்ள நீரிலே கற்களை இட்டுப் பல கிழமை காத்திருக்கின்றனர். அமோனியாவும் நைத்திரைற்றும் தோன்றி மறைந்த பின்னரே முதல் உயிர் புகும். பொறுமையற்றோர் இங்கேதான் மீன்களை இழப்பர். வெப்பம் ஏறத்தாழ 25 பாகை சதமம். கல்சியம் இலீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவு. நீர் ஆவியாய்க் குறையுந்தோறும் ஊற்ற வேண்டுவது நன்னீரேயன்றிக் கடனீரன்று, உப்பு ஆவியாவதில்லையன்றோ!

கற்களும் உயிர்களும் எங்கிருந்து வருகின்றன என்னும் வினா கொஸ் காலத்தைப் போலவே இன்றும் உள்ளது. 1990ஆம் ஆண்டு முதல் கன்முருகை இனங்கள் யாவற்றின் பன்னாட்டு வாணிகமும் உடன்படிக்கையொன்றின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. முருகையை வெட்டி நட்டால் அது வளரும். பெர்லினில் டீட்ரிச் ஸ்ரூபர் என்பார் வளர்த்த முருகையொன்றின் துண்டுகள் இங்ஙனம் வீடுவீடாகப் பரவிப் பல நாடுகளை அடைந்தன. மீன்களின் நிலை வேறு. சில இனங்களே தொட்டியிற் பிறப்பிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை கடலிற் பிடிக்கப்படுவன. இலங்கையிலிருந்து இம்மீன்களை அனுப்பும் வாணிகம் 1930களில் சிறிய அளவில் தொடங்கி 1950களிற் பெருகியது. 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் சூடேறியபொழுது இக்கடலின் முருகைக்கற் பார்கள் பல வெளிறி மடிந்தன. அவ்வாண்டும் பிறநாட்டு இல்லங்களில், சூட்டை அளந்து சீர்செய்யும் கருவியின் காவலில், முருகைத் துண்டுகள் வளர்ந்துகொண்டிருந்தன.