இரட்டைச் சுவர்த் தீத்தொட்டி

இரட்டைச் சுவர்த் தீத்தொட்டி என்பது ஒன்றினுள் ஒன்றாக வைக்கப்பட்ட இரண்டு உலோகக் கலன்களால் ஆன, திறந்தவெளியில் விறகு எரிப்பதற்கான எரிகலன் ஆகும். விறகிலிருந்து எழும் புகையின் பெரும்பகுதி வெளியேறுமுன் தொட்டிக்குள்ளேயே எரிந்துவிடுவது இதன் சிறப்பியல்பு. வட அமெரிக்காவில் வீட்டுக் கொல்லைகளில் குளிர்காய்வதற்கு இது பரவலாகப் பயன்படுகிறது. கடைகளில் விற்கப்படுவதோடு, பழைய எஃகுப் பீப்பாய்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யப்படுவதும் உண்டு.

புகை உண்டாகும் விதம்

விறகு சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. பின்னர் மரம் சிதைந்து, எரியக்கூடிய வளிமங்களும் தார்த் துளிகளும் வெளிப்படுகின்றன. உலர்ந்த மரத்தின் எடையில் பெரும்பங்கு இவ்வாறே வெளியேறுகிறது, எஞ்சுவது கரி. இவ்வளிமங்களுக்குப் போதிய வெப்பமும் ஆக்சிசனும் கிடைத்தால் அவை சுடராக எரியும். கிடைக்காவிடில் குளிர்ந்து புகையாகும். எனவே, புகை என்பது பெரும்பாலும் எரியாமல் வீணாகும் எரிபொருளே ஆகும்.

அமைப்பும் செயற்பாடும்

வெளிக்கலனாக ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவுள்ள பீப்பாயும், உட்கலனாக ஏறத்தாழ 110 லிட்டர் பீப்பாயும் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே சுற்றிலும் சுமார் 5 செ.மீ. இடைவெளி இருக்கும்.

* வெளிக்கலனின் அடிப்பகுதியைச் சுற்றிக் காற்று நுழையும் துளைகள் இடப்படும்.
* உட்கலனின் அடித்தட்டிலும், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் துளைகள் இடப்படும்.
* உட்கலன் செங்கற்களின் மீது உயர்த்தி வைக்கப்படும். இடைவெளியின் மேற்புறம் உலோக வளையத்தால் மூடப்படும்.

அடித்தட்டுத் துளைகள் வழியாக வரும் காற்று விறகை எரிக்கிறது. இது முதல்நிலைக் காற்று எனப்படும். சுவர்களுக்கிடையே செல்லும் காற்று சூடேறி மேலெழுந்து, மேல் துளைகள் வழியாக உள்ளே பாய்ந்து, அங்கு எழும் புகையை எரிக்கிறது. இது இரண்டாம்நிலைக் காற்று ஆகும். தொட்டி நன்கு சூடேறிய பின், இத்துளைகளின் வாயில் எரிவாயு அடுப்பைப் போன்று சுடர்கள் தோன்றும். விறகை மேல் துளைகளுக்கு மேலே குவித்தால் இப்பயன் கிடைக்காது.

விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். பச்சை விறகில் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாவதால், எத்தகைய தொட்டியிலும் புகை எழும்.

குப்பை எரித்தல்

இத்தொட்டி குப்பை எரிப்பதற்கு உரியதன்று. கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதனால் நச்சு இல்லை என்று பொருளாகாது. குளோரின் கொண்ட பி.வி.சி. நெகிழி போன்றவை எரியும்போது ஐதரசன் குளோரைடும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய டயாக்சின்களும் தோன்றுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, 2000ஆம் ஆண்டில் அந்நாட்டில் அளவிடப்பட்ட டயாக்சின் மூலங்களில் முதலிடம் பெற்றது, கொல்லையில் பீப்பாய்களில் வீட்டுக் குப்பையை எரித்தலே ஆகும். 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்கோம் உடன்படிக்கையும் திறந்தவெளியில் குப்பை எரித்தலை இத்தகைய நச்சுகளின் மூலமாகப் பட்டியலிட்டுள்ளது. ஆர்செனிக் கலந்த காப்புப்பொருள் ஏற்றிய பழைய மரத்தை எரித்தால், ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும்.

பாதுகாப்பு

* எண்ணெய் அல்லது வேதிப்பொருள் இருந்த பீப்பாய் காலியாகத் தோன்றினாலும், உள்ளே தங்கிய ஆவி வெட்டும்போது தீப்பற்றி வெடிக்கக்கூடும். உணவுப்பொருள் இருந்த பீப்பாயே ஏற்றது.
* துத்தநாகம் பூசிய கலன்கள் சூடேறும்போது வெளிவரும் ஆவி உலோகப்புகைக் காய்ச்சலை உண்டாக்கும்.
* கரி கனலும்போது மணமற்ற கார்பன் மோனாக்சைடு வெளிப்படுவதால், அறைகளிலோ கூடாரங்களிலோ பயன்படுத்தலாகாது.
* வெளிச்சுவரும் கடுமையாகச் சூடேறும் என்பதால் குழந்தைகளை விலக்கி வைத்தல் வேண்டும். சாம்பலுக்குள் கனல் நெடுநேரம் மறைந்திருக்கும். முற்றிலும் ஆறிய பின்னரே அதை அகற்றுதல் நன்று.