திரைப்பிடிப்பும் உள்ளமைந்த படத் திருத்தக் கருவிகளும்

திரைப்பிடிப்பு என்பது கணினி, கைபேசி, டேப்லெட் போன்ற சாதனங்களின் திரையில் தெரிவதை அப்படியே படக்கோப்பாகச் சேமிப்பது. பேச்சு வழக்கில் இதை ஸ்கிரீன்ஷாட் என்கிறோம். இன்று விற்கப்படும் ஏறத்தாழ எல்லாச் சாதனங்களிலும் இதற்கான வசதி இயங்குதளத்துடனேயே வருகிறது. எடுத்த படத்தை வெட்டவும், வெளிச்சம் கூட்டவும், குறி போடவும், எழுத்துச் சேர்க்கவும் வேண்டிய கருவிகளும் கூடவே இருக்கின்றன. தனியாக எந்தச் செயலியும் வாங்க வேண்டியதில்லை. ரயில் டிக்கெட், பணம் கட்டிய ரசீது, கணினியில் வந்த பிழைச் செய்தி, ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் போட்ட கணக்கு என அன்றாடத்தில் பலவற்றை மக்கள் இப்படித்தான் சேமித்து வைக்கிறார்கள். எடுப்பது எளிது. எதை வெட்டுவது, எதை மறைப்பது, எந்த வடிவில் அனுப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

வரலாறு

தொடக்கக் காலத்தில் கணினித் திரையைப் பதிவுசெய்ய, அறையை இருட்டாக்கி, திரைக்கு முன் கேமராவை நிறுத்திப் படமெடுத்தார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் பிரின்ட் ஸ்கிரீன் விசை இடம்பெற்றது. ஷிஃப்டுடன் சேர்த்து அதை அழுத்தினால் திரையில் உள்ள எழுத்துகள் அச்சுப்பொறியில் அச்சாகி வரும். விண்டோஸ் வந்த பிறகு அதே விசை, திரையின் படத்தைக் கிளிப்போர்டில் வைக்கும் வேலைக்கு மாறியது. பெயின்ட் செயலியைத் திறந்து அந்தப் படத்தை ஒட்டிச் சேமிப்பது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. வேண்டிய பகுதியை மட்டும் எடுக்க உதவும் ஸ்னிப்பிங் டூல், 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பரவலாகக் கிடைத்தது.

ஐபோனில் இந்த வசதி 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு இயங்குதளத்தில் சேர்ந்தது. ஆண்ட்ராய்டில் 2011இல் வெளியான 4.0 பதிப்புதான் இதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்கு முன் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில், கணினியுடன் இணைத்து, மென்பொருள் உருவாக்குநர்களுக்கான கருவி வழியாகவே திரையைப் படமெடுக்க முடிந்தது. எடுத்த உடனே மூலையில் சிறு படம் தோன்றி, அதைத் தொட்டால் திருத்தப் பலகை திறக்கும் முறையை ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11 உடன் கொண்டுவந்தது. எடுப்பதும் திருத்துவதும் ஒரே வேலையாகிவிட்டன.

செயல்படும் முறை

திரையில் நாம் பார்ப்பது பல அடுக்குகளின் கூட்டு. செயலியின் சாளரம், மேலே அறிவிப்புப் பட்டை, கீழே விசைப்பலகை என ஒவ்வொன்றும் தனித்தனியாக வரையப்படுகின்றன. இயங்குதளத்தின் ஒரு பகுதி அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முழுப்படம் ஆக்குகிறது. திரைப்பிடிப்புக் கட்டளை வந்ததும் அந்த முழுப்படத்தின் நகல் கோப்பாக எழுதப்படுகிறது. கேமராவுக்கு இதில் வேலை இல்லை.

இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. கைபேசித் திரையில் கோடுகள் விழுந்தால், ஒரு திரைப்பிடிப்பு எடுத்து அதை வேறொரு சாதனத்தில் திறந்து பார்க்கலாம். அங்கே கோடு தெரியாவிட்டால் கோளாறு டிஸ்பிளேயில் இருக்கிறது. அங்கேயும் தெரிந்தால் கோளாறு மென்பொருளிலோ படத்தை உருவாக்கும் சில்லிலோ இருக்கலாம். பழுது பார்க்கக் கொடுக்கும் முன் எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. இரவு நேர மஞ்சள் நிறத்தை அமைத்திருந்தாலும் படத்தில் பொதுவாக இயல்பான நிறமே பதிவாவதற்கும் இந்த நகலெடுக்கும் முறையே காரணம். அந்த நிறமாற்றம் படம் உருவான பிறகு, திரைக்குப் போகும் கட்டத்தில்தான் நிகழ்கிறது.

எடுக்கும் முறைகள்

• விண்டோஸ்: பிரின்ட் ஸ்கிரீன் விசை, அமைப்பைப் பொறுத்து, முழுத்திரையைக் கிளிப்போர்டில் வைக்கும் அல்லது ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும். ஆல்ட் விசையுடன் சேர்த்தால், திறந்து வேலை செய்துகொண்டிருக்கும் சாளரம் மட்டும் வரும். விண்டோஸ் விசையுடன் சேர்த்தால் படங்கள் கோப்புறையில் நேராகச் சேமிக்கப்படும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

• மேக்: கமாண்ட், ஷிஃப்ட், 3 அழுத்தினால் முழுத்திரை, 4 அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதி. 4 அழுத்தியபின் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஒரு சாளரம் மட்டும் வரும். 2018இல் வந்த மொஹாவி பதிப்பு முதல், 5 அழுத்தினால் எல்லாத் தெரிவுகளும் அடங்கிய பட்டை திறக்கும்.

• ஐபோன்: முகப்புப் பொத்தான் இல்லாத மாடல்களில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் ஒருசேர அழுத்தி விட வேண்டும். சஃபாரியில் திறந்திருக்கும் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கும் வசதி 2019 முதல் உள்ளது.

• ஆண்ட்ராய்டு: பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில நிறுவனங்களின் கைபேசிகளில் மூன்று விரலால் கீழே இழுப்பது, உள்ளங்கையின் ஓரத்தால் திரையைத் தடவுவது போன்ற வழிகளும் உண்டு. திரைக்குக் கீழே நீளும் பக்கத்தையும் தொடர்ந்து எடுக்கும் வசதி 2021இல் ஆண்ட்ராய்டு 12 உடன் பொதுவானது.

திரையில் நடப்பதை வீடியோவாக எடுப்பது திரைப்பதிவு. ஐபோனில் 2017 முதலும், ஆண்ட்ராய்டில் 11ஆம் பதிப்பு வந்த 2020 முதலும் இது உள்ளமைந்த வசதி. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட இதைவிடத் தெளிவான வழி குறைவு. ஆனால் பதிவு ஓடும்போது வரும் குறுஞ்செய்தியும் ஓடிபியும் சேர்ந்தே பதிவாகும். தொடங்கும் முன் அறிவிப்புகளை நிறுத்திவைக்க வேண்டும்.

திருத்தக் கருவிகள்

கைபேசியின் ஃபோட்டோஸ் அல்லது கேலரி செயலியில் உள்ள திருத்தங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது வடிவம்: வெட்டுதல், திருப்புதல், சாய்வை நேராக்குதல். இரண்டாவது ஒளியும் நிறமும்: வெளிச்சம், மாறுபாடு, நிழல், நிறச்செறிவு. மூன்றாவது மேலெழுதுதல்: பேனா, அம்புக்குறி, கட்டம், எழுத்து. தேவையற்ற பொருளைப் படத்திலிருந்து நீக்கும் வசதியும் இப்போது சேர்ந்திருக்கிறது. கூகுள் 2021இல் பிக்சல் 6 கைபேசியுடன் அறிமுகப்படுத்திய மேஜிக் இரேசர், 2024இல் கூகுள் ஃபோட்டோஸ் பயன்படுத்தும் எல்லோருக்கும் கட்டணமின்றி வழங்கப்பட்டது.

பழைய குடும்பப் படத்தையோ கையெழுத்துப் பிரதியையோ கைபேசியில் எடுத்துத் தெளிவாக்க இந்தக் கருவிகளே போதும். முதலில் சாய்வை நேராக்கி ஓரங்களை வெட்ட வேண்டும். பிறகு நிழலைச் சற்று உயர்த்தி, கடைசியாக மாறுபாட்டைக் கூட்ட வேண்டும். எடுத்த உடனே மாறுபாட்டை மட்டும் கூட்டினால், இருண்ட மூலையில் உள்ள எழுத்துகள் கறுப்பில் மறைந்துவிடும்.

ஐபோனில் செய்யும் திருத்தங்கள் மூலப்படத்தை அழிப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். இந்த நன்மைக்கு மறுபக்கமும் உண்டு. ஆப்பிள் சாதனங்களுக்கிடையே கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வழியே படத்தின் முழுத் தரவையும் அனுப்பும் தெரிவைப் போட்டால், வெட்டும் முன் இருந்த படமும் பெறுபவருக்குப் போய்விடும்.

படத்தில் உள்ள எழுத்தைப் படித்து, நகலெடுக்கக்கூடிய உரையாக மாற்றுவதும் இன்று உள்ளமைந்த வசதிதான். கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தையும் படிக்கிறது. அறிவிப்புப் பலகையில் உள்ள முகவரியையோ, அரசாணையின் ஒரு பத்தியையோ மீண்டும் தட்டச்சு செய்யும் வேலை மிச்சமாகிறது.

கோப்பு வடிவமும் தரமும்

1080க்கு 2400 படப்புள்ளிகள் கொண்ட கைபேசித் திரையில் 25,92,000 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்று கணக்கிட்டால் ஒரு படம் 10 மெகாபைட்டைத் தாண்டும். அதைக் குறுக்கிச் சேமிக்கும் வடிவங்களில் இரண்டு முக்கியமானவை. 1996இல் வந்த பிஎன்ஜி எந்தப் புள்ளியையும் இழக்காது. ஒரே நிறம் பரந்திருக்கும் அரட்டைத் திரை போன்ற படங்களை அது மிகச் சிறிதாக்கிவிடும். ஜேபெக், படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. இயற்கைக் காட்சிக்கும் முகங்களுக்கும் அது பொருந்தும். எழுத்துக்கு அது ஒத்துவராது. கூர்மையான விளிம்புகளைச் சுற்றிப் புகைபோன்ற கறை படியும். சிறிய தமிழ் எழுத்தில் புள்ளியும் சுழியும் இதனால்தான் கலங்குகின்றன. எழுத்து நிறைந்த திரைப்பிடிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால் தரம் குறையாது.

தகவலை மறைத்தல்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பாக்கி எண்ணின்மேல் இரண்டு மூன்று முறை தேய்த்தால், கண்ணுக்கு அது மறைந்ததுபோல் தெரியும். அந்தப் பேனா முழுமையாக மறைப்பதில்லை. ஒவ்வொரு பூச்சிலும் அடியில் உள்ள எழுத்து இன்னும் கொஞ்சம் இருண்டு, அங்கேயேதான் இருக்கும். யாராவது அதே படத்தைத் திறந்து வெளிச்சத்தையும் நிழலையும் உச்சத்துக்கு உயர்த்தினால் எண் வெளியே வந்துவிடும். மங்கலாக்குவதும் கட்டம் கட்டமாக்குவதும்கூட எழுத்துக்கும் எண்ணுக்கும் பாதுகாப்பல்ல. இருக்கக்கூடிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அதேபோல் மங்கலாக்கி ஒப்பிட்டு, மறைத்த உரையை மீட்கும் நிரல்கள் பொதுவெளியில் கிடைக்கின்றன.

உறுதியான வழி இரண்டு. மறைக்க வேண்டியது ஓரத்தில் இருந்தால் வெட்டி எறிய வேண்டும். நடுவில் இருந்தால் ஒளி ஊடுருவாத, நிறம் நிரப்பிய கட்டத்தை அதன்மேல் வைக்க வேண்டும். ஆதார் நகல் தேவைப்படும் இடங்களில், ஆதார் ஆணையமே வழங்கும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். அதில் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும்.

கேமராவில் எடுத்த படத்தில் கண்ணுக்குத் தெரியாத தகவலும் இருக்கும். இருப்பிடப் பதிவு இயக்கத்தில் இருந்தால், படமெடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்பிலேயே எழுதப்படும். வீட்டில் எடுத்த படத்தை இணையத்தில் போடும் முன் இதை நீக்கிவிடுவது நல்லது.

2023ஆம் ஆண்டின் வெட்டுப் பிழை

கருவியின் பிழையாலும் தகவல் கசியலாம். 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கனன் ஆகிய இரு ஆய்வாளர்கள், கூகுள் பிக்சல் கைபேசிகளின் மார்க்கப் என்ற திருத்தக் கருவியில் இருந்த ஒரு குறையை வெளியிட்டார்கள். ஏக்ராப்பலிப்ஸ் என்ற பெயரால் அது அறியப்படுகிறது. பெரிய படத்தை வெட்டிச் சிறிதாக்கி அதே கோப்பில் சேமித்தபோது, புதிய தரவு கோப்பின் முற்பகுதியில் எழுதப்பட்டது. பழைய தரவின் பிற்பகுதி நீக்கப்படாமல் அப்படியே நின்றது. நீளமாக எழுதிய சிலேட்டை அழிக்காமல், அதன் மேல்பாதியில் மட்டும் புதிதாக எழுதியதுபோன்ற நிலை. படம் காட்டும் செயலிகள் புதிய படம் முடிந்த இடத்தோடு நின்றுவிடுவதால், பயனருக்கு எதுவும் தெரியவில்லை. எஞ்சிய தரவிலிருந்து வெட்டிய பகுதியின் பெரும்பங்கை மீட்க முடிந்தது.

சில நாள்களுக்குள் விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும், விண்டோஸ் 10இன் ஸ்னிப் அண்ட் ஸ்கெட்சிலும் இதே போன்ற குறை இருப்பது தெரிந்தது. இரு நிறுவனங்களும் அந்த மாதமே திருத்தம் வெளியிட்டன. ஆயினும் அதற்கு முன்பே பகிரப்பட்ட படங்களைத் திருத்தம் எட்டாது. படத்தைப் பெற்றவுடன் மீண்டும் குறுக்கிச் சேமிக்கும் தளங்களில் அந்த எச்சம் அழிந்துபோனது. கோப்பை அப்படியே வைத்திருந்த இடங்களில் அது தங்கியது. கருவிகளைப் புதுப்பித்து வைத்திருப்பது ஏன் அவசியம் என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

தடைகள்

எல்லாத் திரைகளையும் படமெடுக்க முடியாது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி தன் சாளரத்தைப் பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்தால், இயங்குதளம் திரைப்பிடிப்பைத் தடுத்துவிடும். வங்கிச் செயலிகள் பல இதைப் பயன்படுத்துகின்றன. உரிமம் பெற்ற திரைப்படங்களை ஓடவிட்டு எடுத்தால் கறுப்புக் கட்டமே பதிவாகும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்க அனுப்பும் படங்களுக்கும் இத்தகைய தடை உண்டு. ஆனாலும் இன்னொரு கைபேசியால் திரையைப் படமெடுப்பதை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது.

சான்றாகப் பயன்பாடு

மிரட்டல், பண மோசடி போன்றவற்றில் திரைப்பிடிப்பே பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கும் முதல் ஆதாரம். அவற்றை எடுக்கும்போது அனுப்பியவரின் எண், தேதி, நேரம் ஆகியவை தெரிய வேண்டும். இணையப் பக்கம் என்றால் முகவரிப் பட்டையும் தெரிய வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் ஏற்பதற்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆகவே படம் எடுத்தாயிற்று என்று மூல அரட்டையை அழித்துவிடக் கூடாது. கைபேசியையும் பாதுகாக்க வேண்டும். மோசடியில் பணம் இழந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

திரைப்பிடிப்பைப் போலியாக உருவாக்குவதும் எளிது. யுபிஐயில் பணம் அனுப்பியதாகக் காட்டப்படும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுத்து ஏமாறும் கடைக்காரர்கள் உண்டு. வாடிக்கையாளர் காட்டும் திரை எதையும் உறுதிப்படுத்தாது. கடைக்காரரின் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததா என்பதே கணக்கு.

பொதுவான நெறிகள்

அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, மேல் பட்டை முதல் கீழ் ஓரம் வரை ஒருமுறை பார்க்க வேண்டும். தேவையான பகுதியை மட்டும் வைத்து மற்றதை வெட்ட வேண்டும். எண்களையும் பெயர்களையும் நிரப்பிய கட்டத்தால் மறைக்க வேண்டும். வேலை முடிந்த ரசீதுகளையும் கடவுச்சொல் தெரியும் படங்களையும் கேலரியிலிருந்து நீக்க வேண்டும். அவை கிளவுட் காப்புப்பிரதியிலும் சேர்ந்திருக்கலாம். பிறருடனான தனிப்பட்ட உரையாடலைப் பகிர அவருடைய சம்மதம் வேண்டும். இவை அனைத்துக்கும் தேவையான கருவிகள் கையில் இருக்கும் சாதனத்திலேயே உள்ளன.