வன்னியில் ஆட்கடத்தலுக்கு உள்ளான இளையோருக்கான ஆதரவுப் பணி

இலங்கையின் வட மாகாணத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில், பலவந்தத்தினாலோ வஞ்சகத்தினாலோ வறுமையின் நிர்ப்பந்தத்தினாலோ குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டுப் பிறருடைய தேவைக்குப் பயன்படுத்தப்பட்ட சிறுவரையும் இளைஞரையும் மீட்டு, கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்து, மீண்டும் உற்றாரோடு சேர்ப்பிக்கும் முயற்சிகள் இப்பெயரால் குறிக்கப்படும். 2000ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஆட்கடத்தல் நெறிமுறைப்படி, சுரண்டும் நோக்கத்துடன் அழைத்துச் செல்லப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவராயின், அவர் சம்மதித்தாரா என்ற வினாவே எழுவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 182ஆம் இலக்கச் சமவாயம் (1999) பிள்ளைகளை விற்பதையும் கடத்துவதையும் கடனடிமை ஆக்குவதையும் யுத்தத்திற்குக் கட்டாயமாகச் சேர்ப்பதையும் ஒரே வகுப்பிலே வைத்துக் கண்டிக்கின்றது. வன்னியின் சரித்திரத்தில் இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே பெரும்பகுதியை நிரப்புகின்றது.

முற்காலம்

சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் (1939) குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே இயற்றப்பட்டதெனினும், மலையகத் தோட்டங்களிலிருந்து சிறுமியரும் சிறுவரும் நகரத்து வீடுகளுக்கு வேலைக்காகக் கொண்டு செல்லப்பட்ட வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1977ஆம் ஆண்டில் தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயலால் இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்களை வவுனியாப் பிரதேசத்திற் குடியமர்த்திய காந்தீயம் இயக்கம், கட்டடக் கலைஞர் டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் என்போரின் தலைமையில், காணியும் பாலர் பாடசாலையும் கிணறும் அமைத்துக் கொடுத்தது. பிள்ளையை வேலைக்கு அனுப்பித்தான் உண்ணவேண்டும் என்ற நிலையைக் குடும்பத்திலிருந்தே அகற்ற முயன்ற ஆரம்பப் பணிகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்விருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் இராஜசுந்தரம் மாண்டார்.

யுத்த காலம்

தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில், பெற்றோரை இழந்த சிறுமியருக்காகச் செஞ்சோலை இல்லமும் சிறுவருக்காகக் காந்தரூபன் அறிவுச்சோலை இல்லமும் 1990களின் முற்பகுதியில் நிறுவப்பட்டன. ஆயினும் அநாதைப் பிள்ளைகளைப் பேணிய அதே இயக்கம் பதினெட்டு வயது நிரம்பாதோரைப் படையிலும் சேர்த்து வந்தது. 1998 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்கு வந்தபோது, 17 வயதுக்கு உட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என்றும், 18 வயதுக்கு உட்பட்டோரைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்றும் இயக்கம் அளித்த வாக்குறுதி நிறைவேறவில்லை.

2002 பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் இடையே யுத்தநிறுத்தம் ஏற்பட்ட பின்னர், யுத்தத்தாற் பாதிக்கப்பட்ட சிறுவருக்கான செயற்றிட்டம் ஒன்று 2003இல் இருதரப்பினராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்படி, அவ்வாண்டு அக்டோபரில், யுனிசெப் நிறுவனமும் தமிழர் புனர்வாழ்வுக் கழகமும் கூட்டாக நடத்திய இடைத்தங்கல் நிலையம் கிளிநொச்சியில் திறக்கப்பட்டது. படையினின்றும் விடுவிக்கப்பட்ட பிள்ளைகளைச் சிலகாலம் தங்கவைத்து, பெற்றோரைக் கண்டறிந்து ஒப்படைப்பது அதன் நோக்கம். ஆனால் சேர்ப்போரின் ஆளுகைக்குள்ளேயே மீட்போரும் இயங்க வேண்டியிருந்தமையால், விடுவிக்கப்பட்டோரைவிடப் புதிதாகச் சேர்க்கப்பட்டோர் தொகையே மிகுந்தது. 2003 முதல் 2008 முடிவுவரை 6,000க்கும் மேற்பட்ட சிறுவர் சேர்க்கப்பட்டமையை யுனிசெப் பதிவு செய்தது.

2004 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி அழித்தபோது, தாய்தந்தையரை இழந்த பிள்ளைகள் அந்நியர் கைப்படுவர் என்னும் அச்சத்தினால், அவர்களைச் சுவீகாரம் கொடுப்பதை அரசாங்கம் தடுத்தது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அவர்களது பராமரிப்புக்கு ஒழுங்கு விதித்தது. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், ஆட்கடத்தலையும், யுத்தத்திற்குச் சிறுவரைச் சேர்ப்பதையும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது.

சட்டத்தின் கரம் எட்டாத நிலையில், குடும்பங்கள் தாமே தற்காப்பைத் தேடின. வீட்டுக்கு ஒருவர் படையிற் சேரவேண்டும் என்ற இயக்கத்தின் விதி இறுக்கமடைந்த 2007, 2008ஆம் ஆண்டுகளில், பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் பதுங்குகுழிகளிலும் காடுகளிலும் ஒளித்து வைத்தனர். மணமானவர் பிடிபடார் என்ற நம்பிக்கையில் அவசரத் திருமணங்களும் நடத்தினர். யுத்தம் முடிந்த பின்பு பதிவற்ற விவாகங்களும் இளந்தாய்மையும் தனியொரு பிரச்சினையாக எஞ்சியதற்கு இது ஒரு காரணம். 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் ஊழியர் கிளிநொச்சியை விட்டு வெளியேறியதோடு, வெளியாரின் கண்காணிப்பும் அற்றுப் போயிற்று.

புனர்வாழ்வும் குடும்பம் தேடலும்

இயக்கத்திலிருந்து அரசிடம் சரணடைந்த சிறுவரைக் குற்றவாளிகளாகவன்றிப் பாதிக்கப்பட்டோராகக் கொள்ளவேண்டும் என்ற கொள்கை, 2008 டிசம்பரில் வெளியான அவசரகால ஒழுங்குவிதிகளால் உருப்பெற்றது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றபின், இவர்கள் வவுனியா பூந்தோட்டத்திலும் அம்பேபுஸ்ஸவிலும், பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் வைக்கப்பட்டனர். இரத்மலானையில் இடைநின்ற படிப்பைத் தொடர வசதி செய்யப்பட்டது. ஓராண்டுக்குள் 594 பேர் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். இப்பணி இராணுவ அதிகாரிகளின் தலைமையில் இயங்கிய புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் கீழ் நடைபெற்றமையால், ஊர் திரும்பியோர் புலனாய்வாளரின் விசாரணைக்கும் அயலாரின் ஐயத்திற்கும் இடையே வாழ நேர்ந்தது.

இதனின்றும் வேறுபட்ட வழியில் அமைந்தது, 2009 டிசம்பரில் யுனிசெப் உதவியுடன் வவுனியாவில் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் தொடங்கிய குடும்பம் தேடி இணைக்கும் பிரிவு. முகாம்களிலும் வைத்தியசாலைகளிலும் சிறுவர் இல்லங்களிலும் இருந்த பிள்ளைகளின் விபரங்களை, காணாமற்போனோரின் உறவினர் கொடுத்த விண்ணப்பங்களோடு ஒப்புநோக்குவதே அதன் முறை. 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை கிடைத்த 2,564 விண்ணப்பங்களுள் 676 சிறுவரைப் பற்றியன. இணைக்கப்பட்டோர் சிலரே, ஆயினும் படைத்துறை சாராத உத்தியோகத்தர் ஒருவரிடம் தாய் தன் முறைப்பாட்டை அச்சமின்றிக் கூறும் நிலையை அது உண்டாக்கியது.

தற்காலம்

யுத்தத்தின் பின்னர் ஆட்கடத்தலின் உருவம் மாறியது. பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களின் பெருக்கமும் நுண்கடன் சுமையும் தொழிலின்மையும், வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறும் உபமுகவர்களுக்கு இளையோரை இலகுவில் இரையாக்கின. மேற்கூறிய ஆட்கடத்தல் நெறிமுறையை 2015இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது; குற்றத்துக்குள்ளானோரையும் சாட்சிகளையும் காக்கும் சட்டம் அவ்வாண்டிலே இயற்றப்பட்டு, 2023இல் புதிய சட்டத்தால் மாற்றீடு செய்யப்பட்டது. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு வரும் முறைப்பாடுகளை, பிரதேச செயலகங்களிலுள்ள சிறுவர் உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் பொலிஸாரும் தொடர்கின்றனர்.

இயக்கமாயினும் அரசாயினும், பிள்ளையைக் காக்கும் அதிகாரமும் அப்பிள்ளையால் பயன்பெறும் அல்லது அப்பிள்ளையைச் சந்தேகிக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த காலமெல்லாம் ஆதரவுப் பணி அரைகுறையாகவே நின்றது என்பதும், குடும்பத்தையும் பள்ளியையும் சார்ந்த குடிசார் உத்தியோகத்தரிடம் அது சேர்ந்தபோதே நம்பிக்கையைப் பெறத் தொடங்கியது என்பதும் இச்சரித்திரத்தினின்றும் பெறப்படும்.